வயது வாரியாக

தேரியில் ஏது தண்ணீர்? சோற்றில் கடிபட்ட கல்லைப் போல அந்தக் கேள்வி வந்து மாட்டிக்கொண்டபோது இசக்கிராஜ் பத்தொன்பதாவது ஸ்லைடில் இருந்தான். திரையின் மூலையில் 19/41 என்று சின்னதாகத் தெரிந்தது. வரைபடத்தில் இருக்கும் நீலப் புள்ளி ஒவ்வொன்றும் நீரில் மூழ்கி இறந்த ஒரு குழந்தை என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான், தொடங்கும்போது குரலில் இருந்த நடுக்கம் இப்போதுதான் அடங்கியிருந்தது, புதுச் சட்டையின் கழுத்துப்பட்டை உறுத்தி உறுத்தி ஒரு பக்கம் சிவந்திருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த புனிதவதி, அவனுடைய கைடு, இன்றைய முனைவர் பட்ட வைவாவை நடத்திவைக்கும் கன்வீனர், நாற்பத்தெட்டு வயது, கனடாவில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு ஏழு வருஷத்துக்கு முன் இந்தப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்தவள், அந்த நீலப் புள்ளிகளை முந்நூறு தடவையாவது பார்த்திருப்பாள். ஆற்றை ஒட்டிப் போகும் புள்ளிகள், குளங்களைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரி அப்பியிருக்கும் புள்ளிகள், கடலோரத்தில் வரிசையாக. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஒன்று மட்டும் தள்ளி, தேரியின் சிவப்பு மணல் மேட்டின் நடுவில், கருவேலன்விளையில் இருந்தது. அந்த ஊருக்கு அவள் போயிருக்கிறாள். ஜீப் சக்கரம் புதைந்து இறங்கித் தள்ளியிருக்கிறாள். அங்கே குளம் கிடையாது, கிணறு கிடையாது, குடிக்கிற தண்ணீரே வாரத்துக்கு இரண்டு நாள் லாரியில் வருகிறது. ஒரு குழந்தை முங்கிச் சாகிற அளவுக்கு அங்கே தண்ணீரைச் சேர்த்து வைக்க யாருக்கும் வக்கு கிடையாது. மூன்று வயது, பெண், நீரில் மூழ்கி. எதில் மூழ்கி? தொட்டியாக இருக்கலாம். தொட்டிதான், சிமெண்ட் தொட்டி, மாட்டுத் தொட்டி, வாளிகூட, வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்த பிள்ளைகளை அவளே பதிவேட்டில் வாசித்திருக்கிறாள், சும்மா இரு, சமோசா வந்தாயிற்றா என்று யோசி, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எக்ஸ்டர்னலுக்கு மூன்றரைக்கு ரயில், பொன்னாடைப் பை யார் கையில் இருக்கிறது, இருபதாவது ஸ்லைடு வந்துவிட்டது, விடு. விடவில்லை அது. மண்ணில் புதைந்த சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் ஆழமாகப் போவதுபோல அதே இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது, மூன்று வயது, பெண், கருவேலன்விளை, அன்றைக்கு ஜீப் தள்ள வந்த ஆள் ஒருவன் கையை நீட்டி, அந்தா பூட்டிக் கெடக்குல்லா ஒரு வீடு, அங்கதான் மேடம், என்று சொன்னான். எங்கதான்? என்ன சொன்னான் அவன்?

மடிக்கணினியை மடியில் வைத்துத் திறந்தாள். பக்கத்து நாற்காலியில் துறைத் தலைவர் ஜெபஸ்டின், வெளிச்சம் கண்ணில் பட்டுத் திரும்பி, காதருகே குனிந்து, "என்ன மேடம், அவன் பேசறதக் கேட்டுத் தூக்கம் வருதா, படம் பாக்கப் போறீங்களா?" என்றார். அவள் பல்லைக் காட்டினாள். சிரிப்பு இல்லை அது, மேல் உதட்டைத் தூக்கினாள், அவ்வளவுதான், அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தார். பதிவேட்டுப் பக்கங்களின் படங்கள் பதினொரு பிணவறைகளுக்கும் தனித்தனியாக இருந்தன, இருபத்திரண்டு வருஷம், ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம் உடல்கள், பாதிக்கு மேல் அவளும் இசக்கியும் ஃபார்மலின் நெடியில் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்று எடுத்தவை. மே மாதம். பதினேழாம் தேதி. இதோ. மாசானம் என்கிற பிணவறைக் குமாஸ்தாவின் கையெழுத்து, கல்யாணப் பத்திரிகை எழுதுகிறவரைப் போல அத்தனை அழகான கையெழுத்து. ஒரே ஊர், ஒரே நாள், நான்கு உடல். முதல் வரியில் தாய், முப்பத்தொரு வயது, காரணம் என்ற கட்டத்தில் முழுதாக எழுதியிருந்தது: அரிவாள் வெட்டு, கழுத்து, வலது தோள், இரண்டு உள்ளங்கை. அடுத்த வரி ஒன்பது வயது ஆண். அடுத்து ஆறு வயது பெண். அடுத்து மூன்று வயது பெண். காரணம் என்ற கட்டத்தில் மூன்று வரியிலும் இரண்டு சின்னக் கீற்றுகள், மேலே சொன்னதேதான் என்பதற்கு எல்லா அலுவலகப் பதிவேட்டிலும் போடுவார்களே, அந்த மேற்படிக் குறி. வெட்டு, மேற்படி, மேற்படி, மேற்படி. ஜீப் தள்ளினவன் சொன்னது இப்போது முழுதாகக் காதில் விழுந்தது, பொண்டாட்டிய மட்டும் வெட்டிட்டுப் போயிருந்தாலும் ஒரு கணக்கு மேடம், சின்னது கட்டிலுக்கு அடில போயி ஒளிஞ்சிருக்கு, காலப் புடிச்சு இழுத்துருக்கான் பாவி. காலைப் பிடித்து. குளிரூட்டியின் காற்று நேராக அவள் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது, கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஈரமாக இருந்தது, கையை விளக்கின் பக்கம் திருப்பி நிறம் பார்த்தாள், வேர்வை. திரையில் இசக்கி இருபத்திரண்டாவது ஸ்லைடில் பெரிய எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தான்: பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வீடு பெரும்பாலும் பாதுகாப்பான இடம், ஆபத்து வீட்டுக்கு வெளியே, நீர்நிலைகளில் இருக்கிறது.

இங்கிலீஷில் படித்தால் காயம் தெரிகிறது, தமிழில் படித்தால் அரிவாள் தெரிகிறது. கனடாவில் அவள் வேலை பார்த்ததெல்லாம் காயங்களோடு, எண் போட்ட காயங்கள், நீளம் அகலம் ஆழம், அதை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடலாம், தூங்கலாம். இங்கே வந்த முதல் வாரம் மாசானத்தின் பதிவேட்டைத் திறந்து ஒரு பக்கம் படித்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தாள். மாசானம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாய் கொப்பளிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒக்காருங்க மேடம், மொதல்ல எல்லாரும் எடுக்கதுதான், டாக்டருமாரே எடுப்பாவ. அவரிடம்தான் கேட்டாள், ஏன் பெரியவர்களுக்கு மட்டும் இவ்வளவு விவரமாக எழுதுகிறீர்கள், பிள்ளைகளுக்கு வெறும் குறி போடுகிறீர்களே என்று, கேட்டது ஆராய்ச்சிக்காரியின் எரிச்சல், விவரம் போய்விடுகிறதே என்ற எரிச்சல். அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். "தாய்க்கு எளுதிருவேன் மேடம். எளுதித்தான ஆவணும். அடுத்தாப்புல பிள்ளைக்கு எளுதணும்னு வரும்போது, அந்த வார்த்தைய இன்னொரு தடவ எளுதக் கை வரமாட்டேங்கு. ரெண்டு கீத்து போட்டுட்டு அடுத்த பக்கம் திருப்பிருவேன். சட்டப்படி சரிதான், எங்க ஆபீசர்கிட்ட கேட்டுக்கிட்டேன்." அப்போது அவள் இதைக் கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்க வேண்டும் என்று நினைத்தாள், அப்படி நினைத்ததற்காகத் தன்னை வெறுத்தாள், பிறகு அடிக்குறிப்பாகச் சேர்த்தாள். இசக்கியின் ஆய்வேட்டிலும் இருக்கிறது, நாற்பத்தேழாம் பக்கம். இதோ நீல அட்டை போட்டு மடியில் கிடக்கிறது. அந்தக் குறி என்னவென்று அவளுக்குத் தெரியும், இசக்கிக்கும் தெரியும், பின்னே எப்படி மூன்று வயது தண்ணீரில் முங்கியது, யார் முக்கினார்கள்?

பதிவேட்டைக் கணக்காக மாற்றிய கணினி நிரலைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை, அந்தப் பத்தி எங்கே இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அதை இசக்கி எழுதவில்லை, அவள் எழுதினாள், எழுதினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தயிர்சாத டப்பாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நிரல் எழுதித்தரும் ஏஐயிடம், பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் மேற்படிக் குறி வந்தால் மேல் வரியில் இருப்பதை எடுத்து நிரப்பு என்று கேட்டாள். அது மூச்சுவிடும் நேரத்தில் எழுதிவிட்டது. எழுதும்போதே தன்னால் ஒன்றைச் சேர்த்தது, வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று தரவுகளை முதலில் வயது வாரியாக வரிசைப்படுத்துகிறேன், பிறகு நிரப்புகிறேன். எவ்வளவு அழகாக, எவ்வளவு ஒழுங்காக. சாம்பல் நிறத்தில் வரிகள் மின்னின. அவள் ஒரே ஒரு பொத்தானைத் தட்டினாள், சாம்பல் கறுப்பாகியது, ஏற்றுக்கொண்டாயிற்று. அடுத்தது. தட்டு. அடுத்தது. தட்டு. ஊறுகாய் விரலோடு தட்டினாள். அந்த நொடியில் ஆறாயிரத்து நானூறு உடல்களும் பிணவறை மேசைகளைவிட்டு எழுந்து வயதுப்படி வரிசையாக நின்றன, தாயின் பக்கத்தில் படுத்திருந்த பிள்ளைகளைப் பிய்த்துக்கொண்டுபோய் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு நடுவில் நிறுத்தினார்கள், மூன்று வயதை மூன்று வயதோடு, ஆறை ஆறோடு. அதற்கப்புறம் மேல் வரியைப் பார்த்து நிரப்பு என்றால் அது யார் வரி? எங்கேயோ வேறு ஊரில் குளத்தில் முங்கிய இன்னொரு மூன்று வயது. அதன் சாவை எடுத்து இதன் மேல் போட்டது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்ததைக் காலைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய்த் தண்ணீரில் முக்கியது. அப்படிச் செய்தது அந்தக் கணினி இல்லை, இந்த விரல், வலது கை, நடு விரல்.

இசக்கி கேட்டான். சரிபார்த்துவிடலாம் என்று அவன் கேட்டான். போன வருஷம் ஒரு நாள் போனில், அவள் ஏதோ கமிட்டியில் இருந்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு, சொல்லுங்க இசக்கி, சீக்கிரம். மேடம், பிள்ளைகள் எல்லாம் தண்ணிலயே விழுந்துருக்கே, எனக்கு ஒரு மாதிரி இருக்கு, நம்ம பழைய முறைல ஒரு தடவ ஒப்பு பாத்திருவமா, நான் பதிவேட்ட வாசிக்கேன், யாராவது ஒருத்தர் டிக் அடிக்கட்டும், மூணு மாசத்துல முடிச்சிரலாம். மூணு மாசமா என்றாள். இசக்கி, பன்னெண்டு டெஸ்ட் எழுதியிருக்கு, பன்னெண்டும் பாஸ், ஒரு கட்டம்கூட காலியா இல்ல, இதுக்கு மேல என்ன ஒப்பு, நாம என்ன ரேஷன் கடையா நடத்தறோம்? அவன் சிரித்தான். கைடு ஜோக் அடித்தால் சிரிக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு சோதனைகளையும் எழுதியது அதே ஏஐதான், அவை சோதித்தது ஒன்றை மட்டும்தான், கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று. நிரம்பியிருந்தது. பச்சை டிக், பச்சை டிக், பச்சை டிக். மனிதர்கள் வாசித்து டிக் அடித்திருந்தால் இரண்டாவது நாள் மத்தியானம் யாராவது ஒருத்தன், ஏ நில்லு நில்லு, இது வெட்டுல்லா, என்று கத்தியிருப்பான்.

திரையில் இருபத்தெட்டு. மடியில் அவள் விரல்கள் தட்டச்சு செய்தன, ஓசை வராமல், நகம் படாமல், இங்கிலீஷில், நிரப்புவதற்கு முன் ஏன் வரிசையை மாற்றினாய்? பதில் உடனே வந்தது. நீங்கள் கேட்டது மிகவும் சரியான கேள்வி. வரிசையை மாற்றியதால் மேற்படிக் குறிகள் தவறான வரியிலிருந்து நிரம்பியிருக்கின்றன, இந்தக் குழப்பத்துக்கு மன்னிக்கவும், சரிசெய்து மீண்டும் ஓட்டட்டுமா? குழப்பம். என்ன அருமையான சொல். ஓட்டு என்றாள். பதினொரு நொடி. பத்து வயதுக்குட்பட்டவர்களில் கொலை, முன்பு முப்பத்தெட்டு, இப்போது நூற்று எண்பத்தைந்து. வேறு ஏதாவது உதவி வேண்டுமா? நூற்று நாற்பத்தேழு கூடுதல், எல்லாம் தாயின் வரிக்குக் கீழே மேற்படி போட்ட பிள்ளைகள். மடிக்கணினியை இரண்டு கையாலும் தூக்கி நாற்காலியின் இரும்புக் கைப்பிடியில் அடிக்க வேண்டும்போல இருந்தது, திரை நொறுங்கிச் சில்லுகள் தொடையில் குத்த வேண்டும், அடித்து அடித்து எழுத்துப் பலகை பல் உதிர்வதைப் போல உதிர வேண்டும், அது ஒருமுறையாவது கத்த வேண்டும், மன்னிக்கவும் என்று சொல்லாமல் கத்த வேண்டும். அதற்குக் கழுத்து இல்லையே. பிடிப்பதற்கு ஒரு கழுத்து இருந்தால் எவ்வளவு சௌகரியம். இருக்கிற கழுத்தெல்லாம் மனிதர்களுடையது, கழுத்துப்பட்டையில் உரசிச் சிவந்த அவன் கழுத்து, சால்வைக்காகக் காத்திருக்கும் எக்ஸ்டர்னலின் சதை மடிந்த கழுத்து, தன்னுடையது. வலது கை தன்னால் இடது கையின் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டது, மூன்று விரல்கள், மழைக்காலத்தில் இன்னும் வலிக்கும். கனடாவில், வினிப்பெக்கில் ஒரு ஜனவரி, மைனஸ் முப்பது, காரின் கதவை அவளுடைய கணவன் சுதர்சன் இழுத்துச் சாத்தினான், அவள் கை கதவிடுக்கில் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சாத்தினான், அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்பதால் அவளுக்குத் தெரியும், பார்த்தான், பிறகு சாத்தினான். எலும்பு உடையும் சத்தம் அந்தக் குளிரில் கண்ணாடி டம்ளர் கீறல் விடுவதைப் போல மெல்லிசாக இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவனை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்து கேட்டாள், உனக்கு வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறதா? புனிதவதி சொன்னாள், பனி, வழுக்கிவிட்டது. அந்தப் படிவம் எங்கேயோ ஒரு கணினியில் இன்னும் இருக்கும், காரணம் என்ற கட்டம் நிரம்பியிருக்கும், அவளைப் போன்ற ஒருத்தி அதைக் கணக்கில் எடுத்து, குளிர்காலத்தில் வழுக்கி விழுவது கூடிவருகிறது என்று கட்டுரை எழுதியிருப்பாள்.

திரையில் முப்பத்து மூன்று. யோசி. யாருக்கும் தெரியாது. இந்த ஹாலில் எழுபது பேர், ஒருவருக்கும் தெரியாது, எக்ஸ்டர்னல் சடகோபன் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், நல்ல மனிதர், ஆய்வேட்டை உண்மையாகவே படித்துவிட்டு வந்திருக்கிறார், ஆனால் தேரி என்றால் அவருக்கு ஒரு சொல், அங்கே அவர் ஜீப் தள்ளியதில்லை. திங்கள்கிழமை இசக்கிக்கு அரசுக் கல்லூரி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. இன்று வைவா முடிந்தால் நாளை தற்காலிகச் சான்றிதழ், நாளை மறுநாள் பஸ். இதற்கு முன் இரண்டு தடவை வாசல்வரை போய்ப் பட்டம் இல்லாமல் திரும்பினான், இப்போது முப்பத்தெட்டு, அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதற்குள் வயது தாண்டிவிடும். மூன்றாவது வரிசையில் அவன் மனைவி ஆவுடைத்தங்கம், பட்டுப்புடவை, ஏழு மாத வயிறு, அரிசி மில் கணக்கு வேலையிலிருந்து அரைநாள் லீவு போட்டு வந்திருக்கிறாள், ஏழு வருஷம் அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். தப்பு அவனுடையது இல்லை, அவன் கேட்டான், கேட்டவனுக்குத் தண்டனை, மழுப்பியவளுக்குப் பொன்னாடையா? அடுத்த மாதம் கட்டுரை வெளியான ஆய்விதழுக்கு ஒரு திருத்தம் அனுப்பலாம், சின்னதாக, எழுத்துப்பிழை திருத்துவதைப் போல, பட்டம் கையில் வந்த பிறகு. அப்படித்தான் எல்லோரும் செய்வார்கள். செத்தவர்கள் செத்தவர்கள்தான், ஒரு மாதம் தள்ளிப் போனால் இன்னொரு தடவை சாகப் போகிறார்களா? இந்த வாக்கியம் மனதில் முழுதாக உருவாகி நின்றதும் அவளுக்குத் தன் வாய்க்குள் யாரோ கையைவிட்ட மாதிரி இருந்தது. ஒன்பது வயது ஆண், பக்கத்தைப் பெரிதாக்கியபோது குறிப்புக் கட்டத்தில் மாசானம் பொடியாக எழுதியிருந்ததைப் பார்த்தாளே, இரண்டு கையும் தடுத்த நிலை. கையைத் தூக்கித் தடுத்திருக்கிறான். இந்த ஒன்பது வயதைத்தான் அவளுடைய நிரல் பாம்பு கடித்தது என்று போட்டிருந்தது.

கைதட்டல் கேட்டது. நாற்பத்தொன்று முடிந்து நன்றி என்ற ஸ்லைடு நின்றது. இசக்கி நெற்றியைத் துடைத்தான். சடகோபன் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் நல்ல கேள்விகள், இரண்டும் தண்ணீரைப் பற்றியவை, அவன் நன்றாகவே பதில் சொன்னான். பொதுமக்கள் கேட்கலாம் என்றதும், நேற்று சாயங்காலம் சீட்டெழுதி விநியோகித்திருந்த கேள்விகளை ஜூனியர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒப்பித்தார்கள். எல்லா வைவாவிலும் அப்படித்தான், கேள்வியே வராவிட்டால் அவமானம், எதிர்பாராத கேள்வி வந்தால் அதைவிட அவமானம். ஒருத்தி தன் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துவிட்டுத் திணற, ஜெபஸ்டின், "சுத்தி வாசிம்மா, அதே கேள்விதான்," என்றார், ஹால் சிரித்தது, ஆவுடையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புனிதவதிக்கு அந்தச் சிரிப்புகள் எங்கோ அடுத்த தெருவில் யாரோ யாரையோ அடிக்கும் சத்தம்போலக் கேட்டன. "மேடம், ரிப்போர்ட்," என்று சடகோபன் ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார், "வாசிச்சிருங்க, அப்புறம் டீ ஆறிடும்." வாங்கினாள். எழுந்தாள். மைக்கின் முன்னால் நின்று வாசிக்கத் தொடங்கினாள், கன்வீனர் குரலில், பதினான்கு தடவை இதே தாளை வேறு வேறு பெயர்களுக்காக வாசித்திருக்கிறாள், நாக்குக்கு வழி தெரியும், அது தானாக ஓடியது. இன்று காலை பதினொரு மணிக்கு நடைபெற்ற வாய்மொழித் தேர்வில் ஆய்வாளர் திரு. இசக்கிராஜ் தம் ஆய்வு முடிவுகளைத் தெளிவாக எடுத்துரைத்தார். எழுப்பப்பட்ட வினாக்களுக்குத் திருப்திகரமாகப் பதிலளித்தார். ஜெபஸ்டின் பொன்னாடையைப் பையிலிருந்து வெளியே எடுத்து உதறுவது தெரிந்தது. ஆவுடை போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்க ஆரம்பித்திருந்தாள். அவரது ஆய்வு முடிவுகள் உண்மையானவை என்பதால் அவருக்கு. அங்கே நாக்கு நின்றது. அவள் நிறுத்தவில்லை, நின்றது, முட்டித் தடுக்கிய மாடு மாதிரி. அவருக்கு, என்று இன்னொரு தடவை சொன்னாள். ஹாலில் யாரோ இருமினார்கள். முனைவர் பட்டம் வழங்கலாம் என்று பரிந்துரைக்கிறோம், இன்னும் ஐந்தே சொல், சொல்லிவிட்டால் கைதட்டிவிடுவார்கள், கைதட்டல் வந்துவிட்டால் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுப் புதைத்துவிடலாம், அவ்வளவு சத்தமாக இருக்கும்.

"இது உண்மை இல்ல," என்றாள். மைக் அதைப் பெரிதாக்கிச் சுவரில் அறைந்தது. சடகோபன் தலையைத் தூக்கினார். "சார், இந்த ரிப்போர்ட்ட என்னால வாசிக்க முடியாது. நிரல்ல ஒரு தப்பு இருக்கு. நான் போட்ட நிரல். இசக்கிராஜ் போட்டதில்ல, அவர் என்கிட்ட சரிபாக்கணும்னு கேட்டார், நான் வேண்டாம்னேன். தண்ணில போனதா நாங்க சொல்ற பிள்ளைகள்ல, பாம்பு கடிச்சதா சொல்ற பிள்ளைகள்ல, நூத்தி நாப்பத்தேழு பேர வீட்ல இருந்தவங்க கொன்னிருக்காங்க. வெட்டி. விஷம் குடுத்து. எரிச்சு. வீடு பாதுகாப்பான இடம்னு ஒரு ஸ்லைடு பாத்தீங்க. அது பொய்." பேசப் பேச ஒரு சுகம் வந்தது, அது அவளைப் பயமுறுத்தியது, அடிக்கிறவனுக்கு இரண்டாவது அடியில் வருமாமே அந்தச் சுகம், இசக்கியின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள், கையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவதும் இப்படித்தானோ. அவன் மேடையில் அசையாமல் நின்றான், உதடு மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. நன்றி என்ற ஸ்லைடின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்திருந்தது. சடகோபன் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். தாளை அவள் கையிலிருந்து வாங்கி, தன் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "ஒத்திவைக்கறதா எழுதிக்கறேன். மறுபடி சமர்ப்பிக்கணும், ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகும். எனக்கு முன்னாடியே ஒரு போன் பண்ணியிருக்கலாம் மேடம்." முன்னாடியே எனக்குத் தெரியாது சார் என்று சொல்ல வாயெடுத்தாள், நாற்பத்தொரு ஸ்லைடில் பத்தொன்பதாவதில்தான் தெரிந்தது என்று, அது யாருக்கு வேண்டும்.

ஹால் காலியாயிற்று. சத்தமில்லாமல் காலியாயிற்று, சமோசாவை யாரும் தொடவில்லை. ஜெபஸ்டின் பொன்னாடையைப் பழைய மடிப்பிலேயே மடிக்கப் பார்த்து வரவில்லை, சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு போனார். ஆவுடைத்தங்கம் நேராக வந்து அவள் முன்னால் நின்றாள், மூச்சு வாங்கியது, அடிக்கப் போகிறாள் என்றே புனிதவதி நினைத்தாள், கன்னத்தைக் கொஞ்சம் திருப்பிக்கூடக் கொடுத்தாள், அடித்தால் நன்றாக இருக்கும், அடி, ஒரே ஒரு அடி. "ஏழு வருசமா ஒங்க பின்னாலதான அலைஞ்சாவ," என்றாள் ஆவுடை, "ஒங்க பிள்ளய பள்ளிக்கூடத்துல விடுகதுல இருந்து. ஒரு நாள் ஒங்களக் கொற சொன்னதில்ல வீட்ல. எங்க மேடம் எங்க மேடம்னுட்டு. நல்லா இருங்க." வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். இசக்கி புரொஜெக்டரை அணைத்தான், வயரைச் சுருட்டினான், ரப்பர் பேண்ட் போட்டான், இத்தனையையும் முடித்துவிட்டுத்தான் இறங்கி வந்தான். அவன் கை முஷ்டியாக இருந்தது, விரலிடுக்கில் லேசர் பாயிண்டரை இறுக்கிப் பிடித்திருந்தான், அதன் சிவப்புப் புள்ளி அவனறியாமல் அவள் புடவையில், இடுப்பில், மார்பில், தரையில் நடுங்கி நடுங்கி ஓடியது. "நீங்க சொன்னது சரிதான் மேடம்," என்றான். "எனக்கும் அந்தத் தண்ணி மேல சந்தேகம் இருந்தது. அழுத்திக் கேட்டிருக்கணும், கேக்கல, எனக்கும் பட்டம்தான் வேணும். அத வுடுங்க." பாயிண்டரை அணைத்து நாற்காலியில் வைத்தான். "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கேன். அந்த அஞ்சு வார்த்தையையும் வாசிச்சு முடிச்சிட்டு, ரெண்டே ரெண்டு நிமிசம் கழிச்சு, அப்புறமா சொல்லியிருக்கலாம்லா? செத்த பிள்ளையளுக்கு அதுல என்ன கொறஞ்சு போயிரும்?"

அவள் அவனைப் பார்த்தாள். சொல்வதற்குப் பெரிய பெரிய வார்த்தைகளெல்லாம் வந்து வரிசையாக நின்றன, எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள்.

"ரெண்டு நிமிஷம் கழிச்சிருந்தா," என்றாள், "நான் சொல்லியிருக்கவே மாட்டேன் இசக்கி."